மேஜர் சாப்பிடவில்லை

தட்டில் வைத்த சோற்றை மேஜர் ஒருமுறை முகர்ந்தது. நிமிர்ந்து தங்கத்தைப் பார்த்தது. பிறகு முன்னங்கால்களை நீட்டி, அவற்றின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

“சாப்பிடலையே,” என்றார் சிவஞானம்.

“ஹவ். சாப்பிடல,” என்றாள் தங்கம். ஹைதராபாத்தில் ‘ஆமாம்’ அப்படித்தான். சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “என்னா போட்டீங்க அதுல?”

“நீ சொன்னதுதான். அரிசி, பருப்பு, கேரட்டு.”

தங்கம் குனிந்து ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினாள். அது நசுங்கவில்லை.

“அரிசி இன்னும் அரிசியாவே இருக்குதுங்க. அவனுக்குத் தெரியாதா?”

“போன வருஷம் என் செருப்பத் தின்ன நாய் இது.”

“அப்ப அவன் குட்டி. இப்ப ருசி தெரிஞ்சுபோச்சு.”

சிவஞானத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. சனத்நகரில் வால்வு செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அவர் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லாத வால்வு எதுவும் முப்பத்து நான்கு வருஷத்தில் கேட்டைத் தாண்டியதில்லை. இன்னும் ஏழு மாதத்தில் ஓய்வு. மல்காஜ்கிரி வீட்டில் மட்டும், எந்தத் திருகைத் திருப்பினால் எந்த அடுப்பு எரியும் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

தங்கம் செகந்திராபாத்தில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிவைத்து, ரயிலைப் பிடித்து ஓடுவாள். கல்யாணமான இருபத்தொன்பது வருஷத்தில் கல்யாணம், காரியம் தவிர எந்த ஊருக்கும் போனதில்லை. இப்போது அலுவலகத் தோழிகள் நான்கு பேரோடு ஷில்லாங், சிரபுஞ்சி என்று பதினான்கு நாள் பயணம். டிக்கெட் பிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்கியது.

சிவஞானம் உடனே ஒத்துக்கொண்டார். “தாராளமா போய்ட்டு வா. எனக்கென்ன, மெஸ்ல சாப்பிட்டுக்குவேன்.”

“நீங்க மெஸ்ஸுக்குப் போவீங்க. மேஜர் எங்க போவான்?”

அங்கேதான் ஆரம்பித்தது. மேஜர் வீட்டுச் சாப்பாடு தவிர எதையும் தொடாது. அது உங்கள் கையால் சாப்பிட்டால் நான் ரயில் ஏறுகிறேன், இல்லாவிட்டால் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுகிறேன் என்று தங்கம் சொல்லிவிட்டாள். பயணத்துக்கு இருபது நாள் இருந்தது. அவள் இத்தனை வருஷத்தில் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பயணம், ஒரு நாய் சாப்பிடாததால் நின்றுபோயிற்று என்று ஆகிவிடக் கூடாது என்று சிவஞானம் மனசுக்குள் உறுதியெடுத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை குக்கர் வைத்தார். நாலு விசில் என்று தங்கம் சொல்லியிருந்தாள். இரண்டாவது விசிலின்போது தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. பேசி முடித்தபோது இரண்டா, ஏழா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. இடுக்கியால் வெயிட்டைத் தூக்கிப் பார்த்தார்.

பருப்பு கூரைக்குப் போயிற்று.

மேஜர் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. குக்கரில் மிச்சமிருந்ததை முகர்ந்தது, தங்கத்தைப் பார்த்தது, படுத்துக்கொண்டது.

“ரொம்ப நேரம் அண்ணாந்து பாக்காதீங்க, கழுத்து வலிக்கும்,” என்றாள் தங்கம். “நாளைக்கு ஸ்டூல் போட்டுத் தொடச்சிடுங்க.”

பிறகு கூடத்துக்குப் போய், பயணத்துக்குத் திறந்து வைத்திருந்த பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள்.

மூன்றாம் நாள் அவர் தொழிற்சாலை வழிக்கு வந்தார். சுவரில் ஒரு தாளை ஒட்டினார். தண்ணீர் எத்தனை கிளாஸ், விசில் எத்தனை, நிமிஷம் எத்தனை என்று கட்டம் போட்டார். ஸ்டாப்வாட்ச் கொண்டுவந்தார். ஐந்தாம் நாள் சோறு மல்லிகைப் பூவாக வெந்திருந்தது. விரலால் தொட்டால் மசிந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு பருக்கையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

மேஜர் முகர்ந்தது. தங்கத்தைப் பார்த்தது. படுத்துக்கொண்டது.

“இதுக்கு என்ன குறை?” என்றார் சிவஞானம்.

தங்கம் வந்தாள். அதே தட்டை எடுத்தாள், அதே சோற்றைக் கரண்டியால் இரண்டு சுற்றுக் கிளறினாள், அதே இடத்தில் வைத்தாள். மேஜர் பாய்ந்து தின்றது. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு வினாடி.

“என்ன போட்ட அதுல?”

“ஒண்ணும் போடல.”

“கையக் காட்டு.”

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். சிவஞானம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அந்தக் கைகளைப் புரட்டிப் பார்த்தார். ஒரு வளையல், நகத்தோரம் மஞ்சள் கறை, வேறொன்றும் இல்லை. இந்தக் கைக்குள் ஏதோ இருக்கிறது, இருபத்தொன்பது வருஷம் தினம் இரண்டு வேளை சாப்பிட்டும் நமக்குத் தெரியாமல் போனது இந்த வாயில்லாத ஜீவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த மூன்று நாள் அவர் அந்தக் கையைத்தான் கவனித்தார். அவள் கரண்டியைப் பிடிக்கும் கோணம், சுற்றும் திசை, தட்டை வைக்கும் தூரம் எல்லாவற்றையும் தாளில் குறித்தார். அதே கரண்டியால் அதே மாதிரி வலமாக இரண்டு சுற்றுக் கிளறினார். வாசனைதான் காரணமோ என்று அவளுடைய பழைய சமையல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். மேஜர் துண்டை வாலாட்டி வரவேற்றது. சோற்றைத் தொடவில்லை.

பெட்டியிலிருந்து ரெயின்கோட் வெளியே வந்தது. பிறகு குடை.

அதற்கப்புறம் சிவஞானம் ஒரு காரியம் செய்தார். அதை நினைத்து அவரே பின்னால் வெட்கப்பட்டார். சனத்நகர் மெஸ்ஸில் நாலு இட்லி வாங்கி, ஸ்கூட்டர் டிக்கியில் மறைத்துக் கொண்டுவந்து, வீட்டுப் பாத்திரத்தில் ஆவியில் சூடாக்கி எடுத்துவைத்தார்.

மேஜர் தங்கத்தைப் பார்த்தது. தங்கம் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“மாவுல சோடா போட்டிருக்கான் கடைக்காரன்,” என்றாள்.

சிவஞானம் தலையைக் குனிந்துகொண்டார். மேஜரும் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “கடை இட்லின்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சு தங்கம்,” என்றார் மெதுவாக. “எங்க கம்பெனில ஜெர்மன் மெஷின் ஒண்ணு இருக்கு. மயிரிழை விரிசலக் கண்டுபிடிக்கும். அதுகூட இவன்கிட்ட நிக்காது.”

“ஹவ், கெட்டிக்காரன்தான்,” என்றாள் தங்கம்.

கடை வேண்டாம், வீட்டுச் சமையலாகவே இருக்கட்டும் என்று அடுத்த நாள் மாடி வீட்டு ஷோபாவிடம் போனார். ஷோபா தெலுங்குக்காரி, தங்கத்தோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவாள். அவள் வைக்கும் பருப்புக்கு அந்த அபார்ட்மெண்டே அடிமை. நாய்க்கு என்று கேட்டால் தப்பாக நினைப்பாளோ என்று தயங்கினார். அவள் பெருமையோடு உப்பில்லாமல் தனியாக வைத்து, நெய் விட்டு, தானே கொண்டுவந்தாள்.

மேஜர் முகர்ந்தது, தங்கத்தைப் பார்த்தது, படுத்துக்கொண்டது.

“ஏமி அன்னா, என் பப்புக்கு என்ன குறை?” ஷோபாவின் முகம் சிறுத்துப்போயிற்று.

சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சிவஞானம், “உங்க பருப்புல குறையே இல்லம்மா. உப்பு விஷயத்துல அவன் கொஞ்சம் கறாரு,” என்றார்.

“உப்பு எக்குவ ஆயிடுச்சுன்னு சொல்றீங்களா?”

“அதிகம்னு இல்ல, போடவே கூடாதுன்னு சொல்லவந்தேன்.”

“நான் போடவே இல்ல அன்னா.”

“அதான், போடலன்னாலும் கைப்பழக்கம்னு ஒண்ணு இருக்குமில்ல.”

ஷோபா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள். அதன்பிறகு லிப்டில் அவரைப் பார்த்தால் மேலே ஓடும் எண்களைப் பார்ப்பாள்.

ஆனால் சேதி பரவிவிட்டது. ஷோபாவின் பருப்பையே வேண்டாம் என்று சொன்ன நாய் ஒன்று முதல் மாடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சிவஞானம் கதவைத் திறந்தபோது வாசலில் ஆறு பேர் மூடிபோட்ட கிண்ணங்களோடு நின்றிருந்தார்கள். உப்பு, வெங்காயம் கூடாது என்பதை எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் கிச்சடி, ஒருவர் பூசணிக்காய் மசியல், ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஒருவர். தங்கம் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, சமையலறை வாசலில் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டாள்.

மேஜர் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் எழுந்து வந்தது. முகர்ந்தது. தங்கத்தைப் பார்த்தது. திரும்பிப் போயிற்று. முதல் கிண்ணத்துக்குச் சிரித்தவர்கள் நாலாவது கிண்ணத்துக்குக் குரலைத் தாழ்த்தினார்கள். ஆறாவது கிண்ணத்தையும் அது ஒதுக்கியபோது கூடத்தில் டீ உறிஞ்சும் சத்தம்கூட இல்லை.

கீழே இஸ்திரி போடும் ஆரோக்கியமேரி, துணிக் கட்டைக் கொடுக்க அப்போதுதான் வந்தாள். கையில் மதியத்துக்கு வைத்திருந்த கேழ்வரகுக் கஞ்சித் தூக்கு.

“உப்பு இன்னும் போடல. கொஞ்சம் ஊத்திப் பாக்கட்டுமாக்கா?” என்றாள்.

“ஊத்து ஊத்து,” என்றாள் தங்கம்.

மேஜர் முகர்ந்தது. தங்கத்தைப் பார்த்தது. பிறகு தலையைக் கிண்ணத்துக்குள் விட்டு, கிண்ணம் சுவர்வரை நகர்ந்து போகும்படி நக்கித் தீர்த்தது.

ஆரோக்கியமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் வச்ச கஞ்சிய நல்லா இருக்குன்னு எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல சார்,” என்றாள்.

மறுநாளிலிருந்து ஷோபா துணிகளை வேறு கடைக்கு இஸ்திரிக்கு அனுப்பினாள். ஆரோக்கியமேரிக்கு வேலை போகிறதே என்று சிவஞானம் பதறி, ஷோபாவின் துணியைத் தானே கேட்டு வாங்கி ஆரோக்கியமேரியிடம் கொடுத்து, தேய்த்ததும் தானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நாய்க்குச் சமைக்கத் தெரியாததால் இவர் இப்போது துணி சுமக்கிறார் என்று அபார்ட்மெண்டில் பேசிக்கொண்டார்கள்.

பெட்டிக்குள் இப்போது ஒரு ஜோடி ஷூ மட்டும் இருந்தது. சிவஞானம் மேஜரைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினார்.

டாக்டர் பல்லைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், எடை மெஷினில் ஏற்றினார்.

“சாப்பிடறதில்லைன்னு யார் சொன்னது? ரெண்டு வாரத்துல அறுநூறு கிராம் ஏறியிருக்கான்.”

“என் கையால சாப்பிடறதில்ல டாக்டர்.”

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்தார். “அப்ப மருந்து உங்களுக்குத்தான் எழுதணும்,” என்றார்.

சிவஞானம் நாலு நாள் கேஷுவல் லீவு போட்டார். இனிமேல் தந்திரம் இல்லை, சமையலை ஒழுங்காகக் கற்பது ஒன்றுதான் வழி என்று அவருக்குப் புரிந்தது. இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆரோக்கியமேரியிடம் கேட்டார்.

“அடுப்பக் கொறச்சு வைங்க சார். நீங்க எல்லாத்தையும் அவசரமா வேக வைக்கிறீங்க,” என்றாள் அவள்.

அடுப்பைக் குறைத்தார். பருப்பு குழைந்தது. உளுந்து ஊறவைத்து, அரைத்து, மாவு பொங்கும்வரை காத்திருந்தார். காலையில் பாத்திரத்தின் மூடியை மாவு தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, கோயில் கருவறை திறந்த மாதிரி இருந்தது அவருக்கு. இவ்வளவும் இந்த வீட்டில் தினமும் நடந்திருக்கிறது. அவர் ஹிந்துப் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மேஜருக்கு உப்பில்லாமல் எடுத்து வைத்ததுபோக மீதியை வீணாக்கக் கூடாது என்று தங்கம் சொல்லியிருந்தாள். அதனால் அதில் உப்புப் போட்டு, கடுகு தாளித்து, புளி கரைத்து ஊற்றி, இருவருக்கும் சாம்பாராக்கினார். அவள் அந்த நாட்களில் அடுப்புப் பக்கமே வரவில்லை. ஆபீஸ் விட்டு வந்து, முகம் கழுவி, கால் நீட்டி உட்கார்ந்து, அவர் கொண்டுவந்து வைத்ததைச் சாப்பிட்டாள்.

“புளி கொஞ்சம் கம்மி,” என்பாள். “தாளிப்புல எண்ணெ காயல.” “வெண்டைக்காய வதக்கிட்டுப் போடணும்.” மேஜர் எதுவும் சொல்லாது. பார்க்கும், படுத்துக்கொள்ளும்.

பதினெட்டாம் நாள் மாலை. குழைந்த சோறு, பாசிப்பருப்பு, மசித்த பூசணி, ஒரு அவித்த முட்டை. இதை மேஜரின் தட்டில் வைத்தார். தங்கத்துக்குக் கத்திரிக்காய் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் பரிமாறினார். தங்கம் ஒரு வாய் எடுத்து வைத்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டாள்.

மேஜர் அவளைப் பார்த்தது.

பிறகு சாப்பிட ஆரம்பித்தது. நிதானமாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, பூசணியை விட்டுவிடாமல். கடைசியில் தட்டை நக்கிவிட்டு, சிவஞானத்திடம் வந்து அவர் முழங்காலில் தாடையை வைத்தது.

சிவஞானம் அசையவில்லை. அசைந்தால் எல்லாம் கலைந்துவிடும் போல இருந்தது. வேலையில் முப்பத்து நான்கு வருஷம் மற்றவர்கள் செய்ததைச் சரி, சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். தான் செய்ததை இன்னொரு உயிர் சரி என்று சொல்வது இவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியாமலே போயிருந்தது.

“ஸ்வெட்டர எடுத்து வை தங்கம்,” என்றார்.

தங்கம் அப்போதே எழுந்து எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஆட்டோ வந்தது. வழிக்கு எலுமிச்சைச் சாதமும் வறுவலும் சிவஞானமே கட்டிக்கொடுத்தார். தங்கம் குனிந்து மேஜரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியோடு நெற்றி வைத்தாள். “சாரைப் பாத்துக்கோடா,” என்றாள். படியிறங்கும்போது அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. சிவஞானம் அதைக் கல்யாணமான புதிதில் பார்த்திருந்தார்.

மதியம் பன்னிரண்டரைக்கு அவர் மேஜரின் தட்டை வைத்தார். அதே சோறு, அதே பருப்பு, அதே பூசணி, அதே முட்டை.

மேஜர் முகர்ந்தது. சமையலறை வாசலைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. படுத்துக்கொண்டது.

சிவஞானம் தட்டை எடுத்துச் சூடாக்கி வைத்தார். ஆறவைத்து வைத்தார். வலமாக இரண்டு சுற்றுக் கிளறி வைத்தார். மேஜர் ஒவ்வொரு முறையும் காலி வாசலைப் பார்த்தது. இது சமையலைப் பற்றியதே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அவள் இல்லாத வீட்டில் ஒரு வாய்கூட இறங்கவில்லை இதற்கு. இப்படியும் ஒரு அன்பு உண்டா என்று அவர் அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தட்டும் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. தங்கம்.

“வரங்கல் வந்துடுச்சுங்க. எலுமிச்சைச் சாதம் எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு, ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கித் தின்னுட்டாங்க. மேஜர் சாப்பிட்டானா?”

உண்மையைச் சொன்னால் வரங்கலிலேயே இறங்கிவிடுவாள். சிவஞானம் தரையில் கிடந்த நாயைப் பார்த்தார்.

“சாப்பிட்டான். தட்டக்கூட நக்கி வச்சுட்டான்.”

ரயில் சத்தத்துக்கு நடுவே தங்கம் சிரித்தாள்.

“நல்ல மனுஷன்யா நீங்க,” என்றாள். “வாசல்ல யாராவது வந்தா தொறங்க.”

அவர் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. கதவைத் திறந்தார். நரைத்த மீசையும் விறைப்பான நடையுமாக ஒருவர் தோளில் பையோடு நின்றிருந்தார். அவரைக் கண்டதும் மேஜர் ஓடிவந்து, முதுகு நேராக, காதை நிமிர்த்தி, அவர் காலடியில் உட்கார்ந்தது.

“வணக்கம் சார். ஜெயச்சந்திரன். பட்டாளத்துல நாய் பழக்கற பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவன், இப்ப வீட்டு நாய்களுக்குப் பழக்கறேன்,” என்றார் வந்தவர். “மேடம் தலையசச்சாத்தான் சாப்பிடணும்னு போன மாசம் இவனுக்குப் பழக்கி விட்டேன், அத இன்னிக்கு வந்து மறக்கடிச்சுட்டுப் போகச் சொன்னாங்க, சார் நல்லாவே சமைக்கக் கத்துக்கிட்டாரு, இனிமே தேவைப்படாதுன்னாங்க.”